கிட்டாருக்கு ஒத்து ஊதியது யார்?

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து அக்கா பையன் வாட்சப்பில் ஒரு கேள்வி அனுப்பினான். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருக்கிறான்; அதில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியே தீருவது என்று இருக்கிறான். "மாமா, எல்லாப் பாட்டுக்கும் செட் ஆகுற மாதிரி ஒண்ணு வேணும். எஸ்.எஸ்.எஸ்ஸா, எச்.எஸ்.எஸ்ஸா, எச்.எச்சா? ஒரே வரியில சொல்லுங்க, ஆஃபர் ராத்திரி 12 மணிக்கு முடியுது." நான் அப்போது பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்துவிட்டது. எச்.எஸ்.எஸ் என்று தட்டிவிட்டு ஏறிவிட்டேன். பழங்காநத்தம் வந்து இறங்குவதற்குள்ளேயே அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்துவிட்டது. பதிலில் தப்பில்லை. அந்த எழுத்துகள் கிட்டாரின் பிக்கப் வரிசை. பிக்கப் என்றால் கம்பி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற காந்தச் சுருள். எஸ் என்றால் ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில், எச் என்றால் இரண்டு சுருள் சேர்ந்த ஹம்பக்கர். கம்பி முடிகிற பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் கிட்டாரின் கழுத்தை ஒட்டிய நெக் பக்கமும் சிங்கிள் காயில்; யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நான் இப்போது வாசிப்பதும் அதுதான். ஆனால் நான் அங்கே வந்து சேர்ந்த வழியில் ஒரு நாயனக்காரப் பெரியவரும், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒரு அண்ணனும் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு மூன்று எழுத்தை மட்டும் அனுப்பியது, விருந்துக்கு வந்தவனுக்குக் குழம்பு ஊற்றாமல் வெறும் சோற்றை வைத்த மாதிரி இருந்தது.

'எல்லாப் பாட்டுக்கும்' என்று அவன் சொன்னதில் ஒன்றும் பிழையில்லை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஆர்கெஸ்ட்ராவில் கிட்டார் வாசிப்பவனுக்கு எல்லாப் பாட்டும் என்றால் நிஜமாகவே எல்லாப் பாட்டும்தான். ஒன்பது மணிக்குப் பிள்ளையார் பாட்டில் தொடங்கும். அப்புறம் அம்மன் பாட்டு இரண்டு. ஊர்ப் பெரியவர்களுக்காகக் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு மூன்று நான்கு. பிறகு எண்பதுகள், அங்கேதான் கிட்டாருக்கு உயிரே. பதினோரு மணிக்கு மேல் இளவட்டங்கள் மேடைக்குக் கிட்டே வந்துவிட்டால் குத்துப்பாட்டு. அதில் கிட்டார் இருக்கிறதா இல்லையா என்பது கிட்டார்காரனுக்கே தெரியாது. இத்தனைக்கும் ஒரே கிட்டார். பகலில் ஆபீஸ், ராத்திரி கச்சேரி என்று ஓடுகிறவன் எக்ஸ்எல் வண்டியில் இரண்டு கிட்டாரைக் கட்டிக்கொண்டு உசிலம்பட்டிக்கும் வாடிப்பட்டிக்கும் போக முடியாது. ஒன்றை முதுகில் மாட்டி, எஃபெக்ட்ஸ் பெட்டியைக் காலடியில் வைத்தால் வண்டி நிரம்பிவிடும்.

அப்போது என்னிடம் இருந்தது மூன்று சிங்கிள் காயில் கிட்டார். ஃபெண்டர் கம்பெனி 1954-இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அச்சில் செய்த ஒரு சாதாரணக் கிட்டார், செகண்ட் ஹேண்ட். அதை எனக்கு விற்றவர் உள்ளே இருந்த மலிவான பிக்கப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஐம்பதுகளில் இருந்தது போலவே காந்தமும் சுற்றும் வைத்துச் செய்த வெளிநாட்டு பிக்கப் மூன்றை மாட்டியிருந்தார். கிட்டாரின் விலையைவிட அதன் வயிற்றுக்குள் இருந்தவற்றின் விலை அதிகம். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. "உள்ளே அசல் சரக்கு" என்று கீபோர்டுக்காரரிடம் ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். வீட்டில் ராத்திரி மெதுவாக வாசித்தால், வெண்கல மணியைத் துணியால் துடைத்துவிட்டுத் தட்டியது போல ஒரு சுத்தமான ஒலி. அந்த ஒலிக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

அந்த ராத்திரி

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல். முளைப்பாரி ஊர்வலம் முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேடையின் இரண்டு பக்கமும் சீரியல் செட்டில் செய்த அம்மன் உருவம், ஆளுயரத்துக்கு மேல், கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தெரு நெடுகக் கட்டியிருந்த ட்யூப்லைட்டுகள் அத்தனைக்கும் கரண்ட் போகிற வயர் என் காலுக்கு அடியில் போனது. மைக் செட்காரர் கொடுத்த பிளக் பெட்டியில் எர்த் துளை பேருக்குத்தான். இதெல்லாம் புதிதில்லை, எல்லா ஊரிலும் இதே கதைதான். கிட்டார் 'உம்ம்' என்று ஒரு சத்தம் போடும், டிரம்ஸ் ஆரம்பித்ததும் அது அமுங்கிவிடும்.

அன்றைக்குப் பாட்டு அப்படித் தொடங்கவில்லை. பாடகி நாலரைக் கட்டையில் தாளமில்லாமல் ஒரு வரி இழுக்க வேண்டும், அதை வாங்கிப் புல்லாங்குழல் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அது முடிகிற இடத்தில் நான் கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்துக்கொண்டு நுழைய வேண்டும். நுழைகிற அந்தக் கணத்துக்காக வால்யூமைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். கம்ப்ரெஸர் வேறு ஆன். கம்ப்ரெஸரின் வேலையே சின்னச் சத்தத்தைத் தூக்கிவிடுவதுதானே. கிட்டார் வாசிக்காதபோது அதற்குக் கிடைக்கிற சின்னச் சத்தம் அந்த 'உம்ம்' ஒன்றுதான். ஊரே அமைதியாக இருக்கிறது. அந்தப் பெண் கண்ணை மூடி அருமையாகப் பாடுகிறது. அதற்கு அடியில், ஸ்பீக்கர் டவர் இரண்டிலிருந்தும், சளைக்காமல் என் கிட்டார் உறுமிக்கொண்டிருக்கிறது. பாடகி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். புல்லாங்குழல்காரர் வாசித்துக்கொண்டே பார்த்தார். நான் வால்யூமைக் குறைப்பதற்குள் நுழைகிற இடம் வந்துவிட்டது. குறைத்த வால்யூமிலேயே நுழைந்தேன், யாருக்கும் கேட்கவில்லை.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் டீ குடிக்கும்போது, சாயங்காலம் சாமி புறப்பாட்டுக்கு வாசித்த நாயனக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எழுபது வயது இருக்கும். கிட்டாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏப்பா, இந்தக் கிட்டாருக்கு ஒத்து ஊதுறது யாரு?" என்றார். எனக்குப் புரியவில்லை. நாயனத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பாரே, அந்த ஒத்து. "ஒத்துன்னா சுருதியோட நிக்கணும்யா. அந்தப் பிள்ளை நாலரையில பாடுது, உன் ஒத்து அரைக் கட்டை தள்ளி நிக்குது." டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். கேலி செய்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று வீட்டுக்கு வந்து ட்யூனரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 100, அதே ஸ்வரம்தான், ஒரு ஸ்தாயி மேலே. கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வருகிற ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். அதுதான் ஐந்து கட்டை. நம் கரண்டின் 100 அதற்கு ஒரு மயிரிழை மேலே. இந்தியாவில் இருக்கிற ஒவ்வொரு சிங்கிள் காயில் கிட்டாரும் ஐந்து கட்டை சுருதியில்தான் உறுமுகிறது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே அது ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே எந்தக் கட்டையிலும் சேராமல் தொங்கும். நாம் பரவாயில்லை, ஐந்து கட்டைப் பாட்டாக இருந்தால் ஏதோ தம்பூரா போட்டது போல ஒப்பேறிவிடும். நாலரையில் பாடினால் பெரியவரிடம் மாட்டிக்கொள்வோம். ஜெனரேட்டர் என்றால் இன்னும் மோசம். லோடு கூடக் குறைய அந்தச் சுருதியும் ஏறி இறங்கும்.

சர்ர்ரும் உம்ம்மும்

நான் உடனே பிக்கப்பை மாற்றக் கிளம்பவில்லை. அசல் சரக்கு ஆயிற்றே. முதலில் கிட்டாரின் வயிற்றைத் திறந்து உட்சுவர் முழுக்கச் செம்புத் தாள் ஒட்டி, அதை எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. பலன் இருந்தது, பாதி. கம்பியிலிருந்து கையை எடுத்தால் வருகிற 'சர்ர்' சத்தம் நன்றாகக் குறைந்தது. 'உம்ம்' அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே வியாதி என்று அதுவரை நினைத்திருந்தேன். 'சர்ர்' மின்புலத்தால் வருவது, தாள் ஒட்டினால் தடுக்கலாம். 'உம்ம்' காந்தப்புலத்தால் வருவது. செம்புத் தாளை அது மதிப்பதே இல்லை, உள்ளே வந்து காயிலில் உட்கார்ந்துகொள்ளும். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பார்த்தால் ஒரு திசையில் 'உம்ம்' குறையும், வேறொரு திசையில் கூடும். அதற்காக மேடையில் கிழக்கு பார்த்து நின்றுகொண்டே வாசிக்க முடியுமா?

தாள் ஒட்டிய உற்சாகத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். நடு பிக்கப்பைக் கழற்றி எடுத்தபோது அதன் காயிலிலிருந்து வெளியே வருகிற முனையை நகம் பட்டு அறுத்துவிட்டேன். மல்டிமீட்டரில் ஆறாயிரம் ஓம் பக்கம் காட்ட வேண்டியது ஒன்றும் காட்டவில்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது. மதுரையில் கிட்டார் பிக்கப் சரிசெய்கிறவர் யாரையும் எனக்குத் தெரியாது. எங்கள் தெரு முனையில் காயில் கட்டுகிற கடை ஒன்று இருக்கிறது. பம்புசெட் மோட்டார், கிரைண்டர், சீலிங் ஃபேன் எல்லாம் பிரித்துப் போட்டுக்கிடக்கும். வேறு வழியில்லாமல் பிக்கப்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அங்கே போனேன்.

கடைக்கார அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இது கம்பியா, முடியா தம்பி?" என்றார். கிட்டத்தட்ட முடிதான், 0.063 மில்லிமீட்டர். அவர் ஃபேனுக்குச் சுற்றும் கம்பி இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். எத்தனை சுற்று என்று கேட்டார். எட்டாயிரம் பக்கம் இருக்கும் என்றேன். நம்பவில்லை. "எவ்வளவு கரண்ட் குடுப்பீங்க?"

"நாம குடுக்கிறதில்லைண்ணே. இதுதான் குடுக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். உள்ளே வரிசையாக நின்ற ஆறு காந்தத் துண்டுகளை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டுப் பார்த்தார். "மேல இரும்புக் கம்பி ஆடும், இதுக்குள்ள கரண்ட் வரும். சைக்கிள் டைனமோ." அவ்வளவுதான். நான் பல மாதம் படித்துத் தெரிந்துகொண்டதை டைனமோ என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்து அவராகவே தலைக்கு மேலிருந்த ட்யூப்லைட்டைக் காட்டினார். அதன் சோக்கு பழைய செம்புச் சோக்கு. "எட்டாயிரம் சுத்து இருந்தா, கம்பி ஆடுறத மட்டுமா பிடிக்கும்? இந்தச் சோக்குல இருந்து வர்றதையும் சேத்துப் பிடிக்குமே. 'கொய்ங்'னு கத்தாது?"

கத்துகிறது, அதுதான் பிரச்சினையே என்று மேலூர்க் கதையைச் சொன்னேன். சிரித்தார். "பக்கத்துல இன்னொரு காயிலை எதிர்ச்சுத்தாக் கட்டி, ரெண்டையும் சேத்து விட்டுட்டா வெளிய இருந்து வர்றது அதுல ப்ளஸ், இதுல மைனஸ். செத்துப்போச்சு." அதற்குப் பெயர்தான் ஹம்பக்கர் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே தன்னை மறித்துக்கொண்டார். "இல்லையே, அப்ப கம்பி ஆடுற சத்தமும் சேந்து செத்துப்போகுமே." கையிலிருந்ததை மேஜையில் வைத்துவிட்டு யோசித்தார். நான் இத்தனை வருடம் 'ரிவர்ஸ் வவுண்ட், ரிவர்ஸ் போலாரிட்டி' என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தவன். சுற்று எதிர், காந்தமும் எதிர் என்று அர்த்தம் தெரியும். காந்தத்தை ஏன் திருப்ப வேண்டும் என்று ஒரு நாளும் என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "காந்தத்தையும் தலைகீழாப் போட்டுட்டான், அப்படித்தானே? கம்பி ஆடுறது காந்தம் வழியா வருது, அதனால அது ரெண்டு தடவ திரும்பி நேராயிடும். கரண்ட் சத்தத்துக்குக் காந்தம் தேவையில்ல, அது ஒரு தடவதான் திரும்பும். அது மட்டும் செத்துப்போகும்."

கிப்ஸன் கம்பெனியில் செத் லவர் என்ற எஞ்சினியர் இதைச் செய்து 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957-இல் கிட்டார்களில் வந்தது, 1959-இல்தான் காப்புரிமை கிடைத்தது. இடைப்பட்ட காலத்துப் பிக்கப்புகளுக்கு அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று ஒட்டிய சின்ன ஸ்டிக்கருக்காகவே இன்றைக்கு ஆட்கள் சொத்தை எழுதித் தருகிறார்கள். இன்னொரு பக்கம், ஸ்ட்ராட்டோகாஸ்டரைச் செய்த லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பழங்காநத்தத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது இது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை.

அண்ணன் அறுந்த முனையைத் தேடி எடுத்து, ஒரு சுற்று அவிழ்த்து, ஊசிமுனை போலச் சால்டர் வைத்து ஒட்டிக் கொடுத்தார். பிறகு, சும்மா இருக்க முடியாமல், ஒரு காந்தத் துண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பிக்கப்பின் மேல் பிடித்தார். "மத்த ரெண்டும் எங்கே?" ஓடிப்போய்க் கிட்டாரையே எடுத்து வந்தேன். நெக் பக்கத்தில் பிடித்தார், காந்தம் ஒட்டியது. பிரிட்ஜ் பக்கத்திலும் ஒட்டியது. கையில் இருந்த நடு பிக்கப்பிலும், அதே முகத்தோடு, ஒட்டியது.

"மூணும் ஒரே பக்கம் பாக்குது தம்பி. நடுவுல இருக்கிறத மட்டும் மாத்திப் போட்டிருந்தா, அது கூட வேற எதைச் சேத்தாலும் சத்தம் செத்திருக்குமே. போடலையே."

போடவில்லைதான். ஐம்பதுகளின் அசலில் அப்படிக் கிடையாது. அன்றைய கிட்டாரில் ஸ்விட்சுக்கே மூன்று இடம்தான். வாசிக்கிறவர்கள் அதை இரண்டு இடத்துக்கு நடுவில் பாதியில் நிறுத்தி, இரண்டு பிக்கப் சேர்ந்த ஒலியைத் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். கம்பெனியே ஐந்து இட ஸ்விட்ச் போட்டது 1977-இல். இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசிக்கும் எண்ணமே இல்லாத காலத்தில் நடுவிலிருப்பதைத் திருப்பிப் போட யாருக்குத் தோன்றும்? எனக்குக் கிட்டார் விற்றவர் அந்தக் காலத்துக்கு உண்மையாக இருக்க ஆசைப்பட்டு, அந்தக் காலத்து இரைச்சலையும் சேர்த்து வாங்கி மாட்டியிருக்கிறார். நான் நூறு தடவை பீற்றிக்கொண்ட 'அசல்' அதுதான். சாதாரணக் கடைக் கிட்டாரில் வருகிற மலிவான நடு பிக்கப்பே பெரும்பாலும் திருப்பிப் போட்டதாக இருக்கும். அது இருந்திருந்தால் மேலூரில் ஸ்விட்சை ஒரு தட்டுத் தட்டியிருந்தாலே போதும்.

எத்தனை ஒலி வேண்டும்?

அடுத்த கச்சேரியில் ஒரு காரியம் செய்தேன். பாட்டுப் பட்டியலின் ஓரத்தில், ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஸ்விட்ச் எந்த இடத்தில் இருந்தது என்று எண் போட்டுக்கொண்டே வந்தேன். பிரிட்ஜ் ஒன்று, நெக் ஐந்து. மொத்தம் 26 பாட்டு. நான்காவது இடம், அதாவது நெக்கும் நடுவும் சேர்ந்த அந்தக் 'க்வாக்' ஒலி, 15 பாட்டுக்கு. பிரிட்ஜ் மட்டும் 6. நெக் மட்டும் 4. இரண்டாவது இடம் ஒரே ஒரு பாட்டு, அதுவும் தவறுதலாகத் தட்டுப்பட்டதா என்று சந்தேகம். மூன்றாவது இடம் பூஜ்யம். பிரிட்ஜ் வைத்த ஆறும், ஒலியைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் போட்டு லீட், அதாவது கிட்டார் முன்னால் நின்று மெட்டு வாசிக்கிற பாட்டுகள். அங்கே ஒல்லியான சிங்கிள் காயில் ஒலியை எஃபெக்ட்ஸ் பெட்டியில் தடிக்கவைக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். தடிக்க தடிக்க 'உம்ம்'மும் கூடவே தடிக்கும்.

இணையத்தில் உட்கார்ந்து எத்தனை வயரிங் படம் பார்த்திருப்பேன்! ஒன்பது ஒலி, பதினொரு ஒலி என்று எண்ணிக்கையிலேயே போட்டி. ராத்திரி ஒரு மணிக்கு வியர்வை வழிய, அடுத்த பாட்டு என்ன என்று அனவுன்ஸர் சொல்வதற்குள் கையை நகர்த்த வேண்டியவனுக்குப் பதினொன்றில் எது எங்கே என்று நினைவிருக்குமா? என் கையே ஓட்டுப் போட்டுவிட்டது. வேண்டியது மூன்று. அதில் இரண்டு 'உம்ம்' சத்தமே இல்லாமல் இருந்தாக வேண்டும்.

இப்படிப் பார்த்தபோது பிக்கப் வரிசை ஒவ்வொன்றும் தானாகவே விலகியது. எச்.எச், இரண்டு ஹம்பக்கர், நண்பர் ஒருவரிடம் இருந்தது. வாங்கி இரண்டு கச்சேரி வாசித்தேன். லீடுக்கு ராஜா. நெக் பக்கம் எண்பதுகளின் கார்டு பிரித்து வாசித்தால் பாஸ் கிட்டாரோடும் கீபோர்டின் இடது கையோடும் முட்டிக்கொண்டு கொழகொழ என்று நின்றது. குமிழை இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு காயிலை மட்டும் எடுத்துத் தருகிற, காயில் ஸ்ப்ளிட் என்கிற வசதி அதில் உண்டு. 'இரண்டும் ஒன்றில்' என்று விற்பதே அதைச் சொல்லித்தான். இழுத்தால் ஒலி ஒல்லியாவது உண்மை, கூடவே வால்யூமும் இறங்கும். சிங்கிள் காயிலாகப் பிறந்ததற்கு எட்டாயிரம் சுற்று. ஹம்பக்கரில் பாதிக்கு ஐந்தாயிரம் பக்கம்தான். அப்புறம் முக்கியமான விஷயம், ஒரு காயில் ஆனவுடன் அதுவும் 'உம்ம்' என்று ஆரம்பித்துவிடும். எந்தப் பேய்க்குப் பயந்து ஓடினேனோ அது குமிழுக்குள் உட்கார்ந்திருந்தது. எச்.எஸ்.எச் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெக்கில் எனக்கு ஹம்பக்கர் வேண்டாம் என்று ஆனபிறகு அது எதற்கு? ஒரு காயில் மேல் இன்னொன்றை அடுக்கிச் செய்கிற இரைச்சலில்லாத சிங்கிள் காயில்களும் உண்டு. மூன்றும் வாங்குகிற காசுக்கு இன்னொரு கிட்டாரே வாங்கலாம். தவிர, லீடுக்குத் தடிமன் வேண்டும் என்ற என் பிரச்சினை அதில் தீராது.

மிச்சம் இருந்தது எச்.எஸ்.எஸ். எழுபதுகளின் நடுவில் ராக் கிட்டார்காரர் எட்டி வான் ஹேலன் ஸ்ட்ராட் உடம்பில் ஒரு ஹம்பக்கரைப் பொருத்தியதிலிருந்து எல்லோரும் போகிற பாதைதான். பிரிட்ஜுக்கு மிதமான ஹம்பக்கர் ஒன்றும், திருப்பிச் சுற்றிய நடு பிக்கப் ஒன்றும் வாங்கினேன். நெக்கில் அதே பழைய அசல் சரக்கு. இப்போது ஐந்து இடத்தில் மூன்றில் 'உம்ம்' கிடையாது: ஒன்று முழு ஹம்பக்கர், நான்கு நெக்கும் நடுவும், இரண்டில் ஹம்பக்கரின் சரியான பாதியும் நடுவும் சேரும்படி வயரிங். எந்தப் பாதி சரி என்று கண்டுபிடிக்க அண்ணனின் நூல் கட்டிய காந்தத்தைத்தான் கடன் வாங்கினேன்.

ஒரு சிக்கல் மட்டும் கடைகளில் யாரும் சொல்வதில்லை. வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கிற, திருகினால் மாறுகிற மின்தடைக்குப் பாட் என்று பெயர். சிங்கிள் காயிலுக்கு 250 கே (கே என்றால் ஆயிரம் ஓம்) வால்யூம் பாட், ஹம்பக்கருக்கு 500 கே என்பது வழக்கம். பாட் மதிப்புக் கூடினால் ஒலியில் கூர்மை கூடும். இரண்டு வகையும் ஒரே கிட்டாரில் இருந்து, பாட் ஒன்றுதான் என்றால்? 250 போட்டேன், ஹம்பக்கர் போர்வைக்குள் இருந்து பேசியது. 500 போட்டேன், நெக் பிக்கப் காதைக் குத்தியது. அந்த வெண்கல மணி எவர்சில்வர் டம்ளர் ஆகிவிட்டது. பத்து நாள் தூக்கம் போனது. கடைசியில் தீர்வு, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற 470 கே ரெசிஸ்டர். 500 கே பாட்டைப் போட்டுவிட்டு, சிங்கிள் காயில் வேலை செய்கிற இடங்களில் மட்டும் அந்த ரெசிஸ்டர் குறுக்கே சேரும்படி ஸ்விட்சில் பற்றவைத்தால், இரண்டும் சேர்ந்து 242 கே ஆகிவிடும். பிக்கப்புக்குச் செலவழித்த ஆயிரங்களைவிட இந்த ரெசிஸ்டர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகக் கேட்டது.

உயரமும் அப்படித்தான். ஹம்பக்கர் கத்தும், சிங்கிள் காயில் முணுமுணுக்கும் என்று புகார் சொல்கிறவர்கள் முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும். நான் ஹம்பக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் சமன் செய்தேன். நெக் பிக்கப்பைக் கம்பிக்கு ரொம்பக் கிட்டே ஏற்றியிருந்தார் பழைய சொந்தக்காரர். காந்தம் கம்பியையே பிடித்து இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் தடித்த கம்பி ஒரு மாதிரி அலைந்துகொண்டிருந்தது. கம்பி நீளம் சரியில்லை என்று அதுவரை பிரிட்ஜைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறேன்! இறக்கியதும் சரியாகிவிட்டது.

இழந்தது இல்லாமல் இல்லை. பிரிட்ஜ் பக்கத்துச் சிங்கிள் காயிலில் வலது கையைக் கம்பியில் லேசாக வைத்து 'சக்கு சக்கு' என்று வெட்டினால் வருகிற அந்தச் சுள்ளென்ற ஒலி இப்போது இல்லை. இரண்டாவது இடத்தில் வைத்துக் கிட்டே போகலாம், அவ்வளவுதான். கழற்றிய பிக்கப்பை அந்தக் கைக்குட்டையிலேயே சுற்றி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். விற்க மனம் வரவில்லை.

மாற்றிய பிறகு அதே பாட்டை அழகர்கோயில் பக்கம் ஒரு ஊரில் வாசித்தோம். பாடகி கண்ணை மூடியபடியே பாடி முடித்தார். புல்லாங்குழல் சுற்றி இறங்கியது, நான் நுழைந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, இடைவேளையில் யாரும் வந்து எதுவும் கேட்கவும் இல்லை.

இதையெல்லாம் மருமகனுக்கு எழுத வேண்டும் என்று இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து, நீளமாக ஒரு செய்தி தட்டினேன். நீ எந்த மாதிரிப் பாட்டு வாசிப்பாய், வீட்டிலா மேடையிலா, உன் அறையில் எர்த் இருக்கிறதா என்று கேள்விகளாகவே போனது அது. அனுப்புவதற்குள் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. கட்டில் மேல் புத்தம்புதுக் கிட்டார், அட்டைப் பெட்டி பிரித்த குப்பையோடு. "எச்.எச் எடுத்துட்டேன் மாமா. எச்.எஸ்.எஸ்ல கருப்பு கலர் ஸ்டாக் இல்ல. ஆனா காயில் ஸ்ப்ளிட் இருக்கு, அதனால எல்லாம் வரும்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு மதுரைக்கு வருகிறானாம். எங்கள் வீட்டு முன்னறை ட்யூப்லைட்டுக்கும் பழைய செம்புச் சோக்குதான், மாற்ற வேண்டும் என்று வீட்டில் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.